உயர்த்திய வண்டியும் உண்ணும் எண்ணெயும்



பௌதிக நூல் பயிலும் நம்மவருட் பலர், விசை, சடத்துவம், உராய்வு, திறன் என்னுஞ் சொற்களைப் பரீட்சை மண்டபத்தின் வாயில் வரையிற் சுமந்து சென்று, வெளியே வருங்கால் அவற்றை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வருவது வழக்கம். அச்சொற்களோ, ஒரு தொழிலாளியின் பணப்பையை நாள்தோறுங் கரைக்கவும் காக்கவும் வல்லன. இதனை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சாலைகளில் எங்கும் காணப்படும் ஒரு வண்டியை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முன்னே ஆட்கள் அமரும் அறையும், பின்னே மேல்மூடியில்லாத சரக்குத் தொட்டியும் உடைய சிறு லாரியை அந்நாட்டார் 'பிக்கப்' என்பர். ஃபோர்டு கம்பெனியார் 1925-ஆம் ஆண்டில் தம் 'மாடல் டி' வண்டியில் அத்தகைய தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலர் விலைக்கு விற்றனர். அதற்கு முன்னெல்லாம் உழவரும் தச்சரும் தாமே மரப்பெட்டி செய்து வண்டியின் பின்புறத்தில் மாட்டிக்கொண்டனர். அன்று தொட்டு இவ்வண்டி அந்நாட்டு உழைப்பாளரின் வலக்கை போலாயிற்று.

சேறும் பாறையும் பனியும் நிறைந்த வழிகளிற் செல்வோர், வண்டியின் அடிவயிறு தரையில் இடியாதபடி அதனை உயர்த்திப் பெரிய டயர்களை மாட்டுவர். உயர்த்தும் முறை இரண்டு. சக்கரத்திற்கும் சட்டத்திற்கும் இடையேயுள்ள வில்களையும் அவற்றைச் சார்ந்த உறுப்புக்களையும் மாற்றி உயர்த்துவது ஒன்று. சட்டத்தின்மேல் கட்டைகளை வைத்து உடலை மட்டும் உயர்த்துவது மற்றொன்று. 1970-களில் மிசூரி மாகாணத்தில் பாப் சாண்ட்லர் என்பார் தமது ஃபோர்டு எஃப்-250 வண்டியைப் பேருருவாக மாற்றி 'பிக்ஃபுட்' எனப் பெயரிட்டு ஓட்டினார். அது நாடெங்கும் புகழ் பெற்றது. தேவையினாலோ தோற்றப் பொலிவினாலோ வண்டியை உயர்த்துவோர் இன்று அந்நாட்டில் மிகப் பலர்.

உயர்த்திய சில வாரங்களுக்குள் அவர்களிடமிருந்து எழும் முறையீடு ஒன்றே: "முன்னே காலனுக்கு 18 மைல் ஓடிய வண்டி இன்று 14 மைலே ஓடுகிறது, என் செய்வது?" (அமெரிக்கக் காலன் என்பது ஏறத்தாழ 3.785 லிட்டர் என்க.) நாடோறும் ஐம்பது மைல் சென்று வேலை செய்து மீளும் ஒரு தச்சனுக்கு இது விளையாட்டன்று, வாரக்கூலியில் ஒரு பகுதி புகையாய்ப் போகிறது. அவன் கடைக்குச் செல்கிறான். கடைக்காரர் ஆயிரம் மருந்துகளைக் காட்டுகின்றனர். எதை வாங்குவது, எதை விடுவது என அறியாமல் பணத்தை மேலும் இழக்கிறான். அவனுக்கு நாம் சொல்லத்தக்க முதல் வார்த்தை யாது? "ஐயா, எதையும் வாங்குதற்கு முன்னர் அளந்து பாரும்" என்பதே. நோயை அளவாமல் மருந்து கொடுப்பவன் வைத்தியன் அல்லன்.

1. தூரமானியின் பொய்

தொழிற்சாலையிலிருந்து வந்த டயரின் பக்கத்தில் 265/70 ஆர் 17 என எழுதியிருப்பதாகக் கொள்வோம். 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எழுபது, அஃதாவது 185.5 மில்லிமீட்டர். 17 என்பது நடுவிலுள்ள உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில், அஃதாவது 431.8 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் உண்டாதலின், முழு விட்டம் 802.8 மில்லிமீட்டர், ஏறத்தாழ 31.6 அங்குலம். இதனைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயரை நம் தச்சன் மாட்டினான். புதியது பழையதைப்போல் 1.107 மடங்கு.

பழைய டயர் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 638 சுற்றுச் சுற்றும். புதியதோ 576 சுற்றிலேயே ஒரு மைலைக் கடந்துவிடும். வண்டியின் தூரமானிக்குக் கண் இல்லை. அது சுற்றை எண்ணுமேயன்றித் தரையைக் காணாது. 638 சுற்று ஆனாலன்றி அது ஒரு மைல் எனக் காட்டாது. ஆகவே, வண்டி உண்மையில் 310 மைல் ஓடியிருக்க, மானி 280 என்றே காட்டும். அத்தூரத்திற்கு 20 காலன் செலவாயின், மானியை நம்பியவன் கணக்கு, காலனுக்கு 14 மைல். உண்மைக் கணக்கோ 15.5 மைல். நாலு மைல் இழந்தேன் என்று வருந்தியவன் உண்மையில் இழந்தது இரண்டரை மைலே. மிகுதி ஒன்றரை மைல் வண்டியினின்றும் போகவில்லை, கணக்கினின்றும் போயிற்று.

இப்பொய்யின் மறுபுறம் இதனினும் கொடிது. வேகமானியும் அச்சுற்றையே நம்பி வாழ்வது. அது மணிக்கு 70 மைல் எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 77 மைலுக்கு மேற் செல்கிறது. தச்சன் தன் பழைய வேகத்திலேயே செல்வதாக எண்ணிக்கொண்டு, அறியாமலே விரைந்து செல்கிறான். காவலர் பிடித்தால் அபராதம். இடர் நேர்ந்தால் உயிர்ச்சேதம். அன்றாடம் எண்ணெய்ச் செலவு. டயரின்மேல் ஏற்றிய பழியுள் ஒரு பங்கு வேகத்தினுடையது என்பது இதனால் விளங்கும்.

ஆதலின் முதற் சிகிச்சை, மானியைத் திருத்துதல். பழைய வண்டிகளில் கியர்ப்பெட்டியின் வால்புறத்திலுள்ள சிறு பற்சக்கரத்தை மாற்றுவதனால் இது கைகூடும். புதியவற்றில், வண்டியின் கணிப்பொறிக்கு டயரின் புதிய அளவை ஒரு சிறு கருவி வாயிலாகத் தெரிவித்தால் போதும். அதுவரையில், அந்நாட்டு மாநிலங்களுக்கிடையேயுள்ள பெருஞ்சாலைகளில் மைலுக்கு ஒன்றாக நட்டிருக்கும் எண்பலகைகளைக் கொண்டு மானியைச் சோதிக்கலாம். பத்துப் பலகை கடக்க மானி எத்தனை மைல் காட்டுகிறது எனக் குறித்துக்கொண்டு, பத்தை அவ்வெண்ணால் வகுத்தால் திருத்தும் எண் கிடைக்கும். விற்பனைச் சீட்டில் 35 அங்குலம் என்றிருப்பினும், பாரத்தால் அமுங்கிய டயர் சற்றே குறைந்த அளவினதாகவே உருளும். எனவே சீட்டை நம்புவதினும் சாலையை நம்புவது மேல்.

அளவை எடுக்கும் முறையும் உண்டு. தொட்டியை ஒரே நிலையத்தில், ஒரே குழாயில், குழாய் தானே நிற்கும் வரையில் நிரப்புக. அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, ஏறிய காலனையும், திருத்திய மைலையும் குறித்துக்கொள்க. ஒருமுறைக் கணக்கு, காற்றின் திசையாலும் குளிராலும் பாரத்தாலும் பிழைபடும். மும்முறை செய்து சராசரி கொள்க. இந்தச் சிறு குறிப்பேடே பின்வரும் எல்லாச் சிகிச்சைகட்கும் நீதிபதி.

2. மூன்று பகைவர்

வண்டி சம வேகத்தில் சமநிலத்தில் ஓடுங்கால் இயந்திரம் எதனோடு போராடுகிறது? முதலாவது காற்று, இரண்டாவது டயரின் உருளல் தடை. நின்று நின்று செல்லும்போது மூன்றாவதாகச் சடத்துவம் வந்து சேர்கிறது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப்போல் வளரும். வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காம். மேலும் வண்டியின் முகப்பரப்பையும், அதன் வடிவத்தையும் பொறுத்தது அது. கணக்கின் பொருட்டு முகப்பரப்பு 3.2 சதுர மீட்டர், வடிவத்திற்குரிய எண் 0.40 எனக் கொண்டால், 60 மைல் வேகத்தில் காற்றின் தடை ஏறத்தாழ 550 நியூட்டன். 75 மைல் வேகத்தில் 860 நியூட்டன்.

உருளல் தடை எவ்வாறு எழுகின்றது? டயர் தரையைத் தொடுமிடத்தில் அமுங்கி, விட்டு நீங்குமிடத்தில் நிமிர்கிறது. ரப்பர் அமுங்கும்போது வாங்கிய சக்தி முழுவதையும் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை; ஒரு பங்கு வெப்பமாய் மறைகிறது. வண்டியின் எடை 2,500 கிலோகிராம், தடையின் எண் 0.010 எனக் கொண்டால், இத்தடை 245 நியூட்டன். சேற்றிற்கென்றே பெரும் முண்டுகளோடு செய்த டயரில் அவ்வெண் 0.014 ஆகுமெனின் 343 நியூட்டன். இது வேகத்தோடு மிகுதியும் மாறுவதன்று.

இவ்விரண்டையும் ஒப்பிடுங்கால் ஒருண்மை புலப்படுகிறது. மேற்கூறிய வண்டியில், 30 மைல் வேகத்தில் காற்றின் தடை 140 நியூட்டனுக்கும் குறைவு. அங்கே டயரே பெரும்பகைவன். 40 மைல் வேகத்தில் இருவரும் ஒப்பர். 75 மைலில் காற்று டயரைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே, "என் வண்டிக்கு எது நல்ல மருந்து?" என்னும் வினாவிற்கு விடை, "நீ எங்கே ஓட்டுகிறாய்?" என்னும் எதிர்வினாவே. நகரத்துள் ஓடுவோன் டயரையும் எடையையும் கவனிக்க. பெருஞ்சாலையில் ஓடுவோன் காற்றைக் கவனிக்க.

உயர்த்துவதால் காற்றின் தடை மிகுவது ஏன்? உடலின் அகலமும் உயரமும் மாறவில்லையே எனச் சிலர் ஐயுறுவர். தொழிற்சாலையார் முன்பம்பரின் கீழே ஒரு தாழ்ந்த தட்டியை அமைத்து, காற்று அடியிற் புகாமல் தடுத்திருப்பர். வண்டி உயர்ந்தவுடன் அத்தட்டி பயனற்றதாகிறது. சிலர் அதனைக் கழற்றியும் விடுவர். அதனால் அச்சும், குழாய்களும், விற்களும், பெரிய டயர்களின் முகமும் காற்றுக்கு இலக்காகின்றன. மேடு பள்ளம் நிறைந்த அவ்வடிப்புறத்திற் புகுந்த காற்று சுழன்று குழம்பி வண்டியைப் பின்னிழுக்கிறது.

மூன்றாவது, சடத்துவம். பெரிய டயரும் அதன் வளையமும் ஒவ்வொன்றும் 25 ராத்தல் மிகை எனின், நான்கிற்கும் 100 ராத்தல் மிகை. தொட்டியில் வைத்த 100 ராத்தல் மணலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. மணல் முன்னோக்கி மட்டுமே செல்கிறது. டயரோ முன்னோக்கியும் செல்கிறது, சுழலவும் செய்கிறது. எடை முழுவதும் வெளிவிளிம்பில் இருப்பின், வேகம் எடுக்கும்போது அது இருமடங்கு எடையைப்போல் நடந்துகொள்ளும். உண்மையில் அது இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. ஏனெனில் எடையின் ஒரு பகுதி நடுவில் உள்ளது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் இவ்வாறு சேர்த்த சக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமாய்ப் போகிறது. நிறுத்தும் தூரமும் நீளுவதால், இது எண்ணெய்க் கணக்கு மட்டுமன்று, உயிர்க் கணக்குமாம்.

3. காசில்லாத சிகிச்சைகள்

நோய் இன்னது எனத் தெளிந்தபின் மருந்தை வரிசைப்படுத்துவோம். செலவில்லாதவற்றை முதலிற் செய்க.

வேகத்தைக் குறைத்தல் தலையாயது. மேற்கூறிய வண்டியில் இரு தடைகளையும் கூட்டினால், 75 மைல் வேகத்தில் ஏறத்தாழ 1,108 நியூட்டன். 65 மைலில் 893. தடை நூற்றுக்கு 19 வீதம் குறைகிறது. இயந்திரத்தின் திறமை வேகத்திற்கேற்ப மாறுமாதலின் எண்ணெய்ச் செலவு அதே விகிதத்திற் குறையும் எனக் கூற இயலாது; எனினும் வேறெந்த மருந்தும் இதற்கு ஈடாகாது. இதற்கு விலை எவ்வளவு? ஐம்பது மைல் செல்ல 40 நிமிடத்திற்குப் பதில் 46 நிமிடம். ஆறு நிமிடமே விலை. 1973-ஆம் ஆண்டு எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, அந்நாட்டு அரசாங்கத்தார் அடுத்த ஆண்டிலேயே மணிக்கு 55 மைலுக்கு மேற் செல்லலாகாது என்று நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றியதும் இவ்வுண்மை பற்றியே. அச்சட்டம் 1995-இல் நீக்கப்பட்டது. காற்றின் சட்டமோ நீக்கப்படவில்லை.

இரண்டாவது, டயரின் காற்றழுத்தம். அழுத்தம் குறைந்தால் டயர் மிகுதியாய் அமுங்கும், வெப்பம் மிகும், செலவு மிகும். நான்கு டயரிலும் சராசரியாய்ச் சதுர அங்குலத்திற்கு ஒரு ராத்தல் அழுத்தம் குறைந்தால் எண்ணெய்க்குக் கிடைக்கும் மைல் நூற்றுக்கு 0.2 வீதம் குறையும் என அமெரிக்க எரிசக்தித் துறையார் கூறுவர். மணற்பாங்கில் ஓடுவதற்காக 15 ராத்தல் இறக்கிவிட்டு, மீண்டும் ஏற்றாமல் வீடு திரும்புவோன் நூற்றுக்கு மூன்று வீதம் இழக்கிறான், டயரையும் கெடுக்கிறான். கதவோரத்தில் ஒட்டியுள்ள அழுத்தக் குறிப்பு பழைய டயருக்கு உரியது. பயணிகள் வண்டி வகை டயரை நீக்கி லாரி வகை டயரை மாட்டினால், அதே பாரத்தைச் சுமக்க மிகுந்த அழுத்தம் வேண்டும். டயர் செய்வோர் தரும் பாரப் பட்டியலைப் பார்த்து உரிய அளவைத் தேர்க.

அதனைச் சரிபார்க்க எளிய வழி ஒன்றுண்டு. டயரின் முகத்தில் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு பட்டைக் கோடு இட்டு, நேர்ச்சாலையிற் சிறிது தூரம் ஓட்டுக. நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஒரு சீராய் அழிந்தால் அளவு. ஆயினும் பாரத்திற்குரிய குறைந்த அளவுக்குக் கீழும், பக்கச்சுவரிற் பொறித்துள்ள உச்ச அளவுக்கு மேலும் ஒருகாலும் செல்லற்க. மிச்சம் பிடிப்பதற்காகக் கல்போல் அடைத்த டயர் மழைச் சாலையிற் பிடி தளர்ந்து வழுக்கும்.

மூன்றாவது, சுமை. 100 ராத்தல் மிகைச் சுமை மைலை நூற்றுக்கு ஒரு வீதம் குறைக்கும் என அத்துறையாரே கூறுவர். தொட்டியில் ஆண்டு முழுதும் கிடக்கும் சங்கிலி, உடைந்த கருவிகள், பயணத்திற்கன்றி வேண்டாத இரண்டாம் டயர் ஆகியவற்றை வீட்டில் இறக்கிவைக்க. கூரைமேலுள்ள விளக்கு வரிசையும் சுமைக் கம்பிகளும் எடையினும் காற்றையே மிகுதியாய்ப் பற்றும்; வேண்டாதபோது கழற்றுக.

நான்காவது, ஓட்டும் முறை. பெரிய சக்கரத்தை விரைந்து சுழற்றிப் பின் விரைந்து நிறுத்துவது இருமுறை நட்டம். தொலைவிலேயே சிவப்பு விளக்கைக் கண்டு காலை எடுத்துவிட்டால், இக்காலத்து இயந்திரங்கள் பல, கியரில் இருக்குமளவும் எண்ணெயைத் தாமே நிறுத்திக்கொள்ளும். நின்ற இடத்திலேயே ஓடும் இயந்திரம் அதன் பருமனுக்கேற்ப மணிக்குக் கால் காலன் முதல் அரைக் காலன் வரையிற் குடிக்கும். குளிர்காலத்தில் நாளுக்கு இருபது நிமிடம் அவ்வாறு விட்டு வைப்போன், 250 வேலை நாளில் 20 முதல் 40 காலன் வரையில் ஓரடியும் நகராமற் செலவிடுகிறான்.

4. பற்சக்கர விகிதம்

இனி, காசு செலவாகும் சிகிச்சையுள் முதன்மையானது அச்சிலுள்ள பற்சக்கரத்தை மாற்றுதல். நம் தச்சன் வண்டியின் அச்சு விகிதம் 3.73 எனக் கொள்வோம், தண்டு 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். டயர் 1.107 மடங்கு பெரிதானதும், இயந்திரத்திற்கு அது 3.37 விகிதம் போலாகிவிடுகிறது. ஒவ்வொரு கியரிலும் தரையிற் செலுத்தும் விசை நூற்றுக்குப் பத்துவீதம் அளவு குறைகிறது.

"இயந்திரம் மெல்லச் சுழல்வது நன்றல்லவோ?" என்று கேட்கலாம். ஓரளவுக்கு நன்றே. ஆனால் காற்றும் டயரும் முன்னிலும் மிகுதியாய் எதிர்க்கும்போது, குறைந்த விசையோடு உச்சக் கியரில் வண்டி நிற்கமாட்டாது. சிறு மேட்டிலும் எதிர்காற்றிலும் தானியங்கிக் கியர்ப்பெட்டி கீழிறங்கும், பின் ஏறும், மீண்டும் இறங்கும். இவ்வலைச்சலில் எண்ணெயும் வீணாகும், கியர்ப்பெட்டியும் கொதிக்கும்.

இதற்குரிய விகிதம் 3.73-ஐ 1.107-ஆற் பெருக்கக் கிடைப்பது, அஃதாவது 4.13. கடையில் 4.10 என்னும் விகிதம் கிடைக்கும், அது போதியது. இதில் ஒரு வியப்பும் உண்டு. பழைய நிலையில் ஒரு மைலுக்குத் தண்டு 2,380 முறை சுற்றியது. புதிய டயரும் புதிய பற்சக்கரமும் சேர 2,362 முறை சுற்றும். தண்டின் சுற்றை எண்ணும் மானியாயின், வேறு திருத்தமின்றியே நூற்றுக்கு ஒரு வீதத்துக்குள் உண்மை பேசத் தொடங்கும். நான்கு சக்கரத்தாலும் இயங்கும் வண்டியில் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒரே விகிதமாக மாற்றவேண்டும். ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டால் அவை ஒன்றையொன்று முறுக்கி உடைக்கும்.

ஆயினும் செலவை மறைத்தல் கூடாது. ஆண்டுக்கு 15,000 மைல் ஓடுபவனுக்கு 15.5 மைல் 16.3 மைலாக உயர்ந்தது எனக் கொள்வோம். 968 காலன் 920 ஆகும். 48 காலன் மிச்சம். காலன் 3 டாலர் என்றால் ஆண்டுக்கு 144 டாலர். வேலைக்கு 1,500 டாலர் ஆகுமெனின், பத்தாண்டு கழிந்தே முதல் மீளும். மலைநாட்டில் பாரம் இழுப்போனுக்கு இச்சிகிச்சை இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் காக்கும். அதன்பொருட்டுச் செய்வது தகும். சமநிலத்தில் எண்ணெய் மிச்சத்திற்காக மட்டும் செய்வோன் கணக்கை இருமுறை பார்க்க.

இவ்விடத்தில் ஒரு மனமயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். 14 மைலிலிருந்து 16 மைலுக்கு உயர்வது அற்பம் எனப் பலர் எண்ணுவர். 15,000 மைலுக்கு அது 134 காலன் மிச்சம். சிறு கார் ஒன்று 28-லிருந்து 32-க்கு உயர்ந்தால் மிச்சம் 67 காலனே. உயர்வு இருமடங்கு, மிச்சமோ பாதி. மிகுதியாய் உண்ணும் வண்டியிற் செய்யும் சிறு திருத்தமே பெரும் பயன் தருவது.

5. போலி மருந்துகள்

எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தம், தொட்டியில் ஊற்றும் மாயத் துளி முதலியவற்றை விற்போர் எக்காலத்தும் உளர். அந்நாட்டுச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு நிறுவனத்தார் இத்தகைய கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தும், எண்ணெயைக் குறிப்பிடத்தக்க அளவு மிச்சப்படுத்துவதொன்றைக் கண்டிலர். சாதாரணப் பெட்ரோலுக்கென்று செய்த இயந்திரத்தில் உயர்விலைப் பெட்ரோல் ஊற்றுவதாலும் பயனில்லை. காற்று வடிகட்டியை மாற்றினால் மைல் கூடும் என்பது பழைய கார்புரேட்டர் காலத்து வார்த்தை. இன்று கணிப்பொறி காற்றுக்கேற்ப எண்ணெயை அளந்து விடுவதால், அடைபட்ட வடிகட்டி வண்டியின் விரைவைக் குறைக்குமேயன்றி மைலைக் குறையாது. புகையைத் தூய்மை செய்யும் உறுப்புக்களை அகற்றி மைல் கூட்டுவதாகச் சொல்வோரை அணுகற்க. அச்செயல் அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டத்திற்கு விரோதம்.

பின்கதவைத் திறந்து வைத்தால் காற்று எளிதிற் போகும் என்பதும் ஒரு பழைய நம்பிக்கை. கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாய்த் தங்கி, மேலே செல்லும் காற்றை வழுக்கி அனுப்புகிறது. திறந்தால் அச்சுழல் குலையும். தொட்டியின்மேல் தட்டையான மூடி போடுவது சிறிது பயன் தரலாம். எதனையும் குறிப்பேட்டின் முன் நிறுத்தி, மூன்று தொட்டி ஓட்டி அறிக.

6. முடிபு

இறுதியாக உரைக்க வேண்டுவது ஒன்றுளது. மேற்கூறிய யாவும் செய்தாலும், உயர்த்திய வண்டி உயர்த்தாத வண்டியாகாது. சேற்று டயரை நீக்கிச் சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான டயரை மாட்டுதல், 35 அங்குலத்திலிருந்து 33-க்கு இறங்குதல், ஆறு அங்குல உயர்த்தலை இரண்டு அங்குலமாகக் குறைத்தல் என்பனவே நோயின் வேரைத் தொடுவன. பாறை வழியிலும் பனிக்காட்டிலும் உழைப்பவனுக்கு உயரம் ஒரு கருவி; அதற்குரிய எண்ணெயைக் கூலியாகக் கொடுத்தல் நியாயமே. சாலையை விட்டு ஒருநாளும் இறங்காதவனுக்கு அது ஓர் அணிகலன். அணிந்து மகிழ்வது அவன் உரிமை. ஆனால் அதன் விலை இன்னது என அறிந்து அணிதல் அறிவுடைமை.

நம் தச்சன் மானியைத் திருத்தி, வேகத்தைத் தணித்து, டயருக்குக் காற்றடைத்து, வேண்டாச் சுமையை இறக்கினான் எனின், கடைக்காரர் கையில் ஒரு காசும் கொடாமலே இழந்ததில் ஒரு நற்பங்கை மீட்டவனாவான். அவனுக்கு உதவியவை, நீவிர் முதல் வகுப்பிற் பயின்ற வட்டத்தின் சுற்றளவும், வேகத்தின் வர்க்கமும், ஒரு பென்சிலும் அல்லவா? பரீட்சை மண்டபத்தின் வாயிலில் அவற்றை இறக்கி வைக்காமல் வீட்டுக்கும் கொண்டு செல்வீராக.